மலை ஏன் இறங்கி வருகிறது? மண்சரிவு பற்றி ஓர் எளிய விளக்கம்

இலங்கையின் மலையகத்தில் எங்காவது மண் சரிந்தால் அன்று மாலைக்குள் காரணங்கள் வந்து குவிந்துவிடும். மரத்தை வெட்டியதுதான் காரணம் என்பார் பஸ்ஸில் ஒருவர். கல்குவாரியில் வெடி வைக்கிறார்களே, அதுதான் என்பார் பக்கத்துச் சீட்டுக்காரர். முகநூலில் ஒரு கூட்டம் இயற்கையின் சீற்றம் என்று எழுதும். இன்னொரு கூட்டம், "முன்னாலேயே போகச் சொன்னார்களாம், இவர்கள்தான் போகவில்லை" என்று தீர்ப்பே எழுதிவிடும். இவற்றில் எதுவும் முழுப் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் நேற்று வரை நூறு வருடமாக அசையாமல் நின்ற மலை இன்று காலை ஏன் இறங்கியது என்று கேட்டால் இந்தப் பதில்களில் ஒன்றும் கைகொடுக்காது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைக் கடந்தபோது 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் உயிர்களைப் பறித்ததில் பெரும் பங்கு மண்சரிவுகளுடையது. அதற்கு அப்புறம் இந்தப் பேச்சு இன்னும் கூடியிருக்கிறது. ஆகவே அடிப்படையிலிருந்து தொடங்கலாம். புவியியல் படித்திருக்க வேண்டியதில்லை.

## சரிவில் மண் எப்படி நிற்கிறது?

"மண் ஏன் சரிந்தது" என்பதைவிட "மற்ற நாட்களில் ஏன் சரியாமல் நிற்கிறது" என்று கேட்பது நல்லது. அட்டன் பக்கமோ ஹப்புத்தளைப் பக்கமோ ஒரு தேயிலை மலையை அண்ணாந்து பாருங்கள். அவ்வளவு செங்குத்தில், ஆயிரக்கணக்கான டன் மண், ஒன்றும் நடக்காததுபோல நிற்கிறது.

அந்த மண்ணைப் புவியீர்ப்பு எந்நேரமும் கீழே இழுக்கிறது. சரிவு எவ்வளவு செங்குத்தோ அவ்வளவு இழுப்பு. இழுப்பை எதிர்த்து நிற்பவை இரண்டு. ஒன்று, மண்துகள்கள் ஒன்றோடொன்றும் அடியில் உள்ள பாறையோடும் உரசுவதால் வரும் உராய்வு. மற்றது, களிமண்ணும் வேர்களும் தரும் ஒட்டும் தன்மை. இந்த இரண்டையும் சேர்த்துப் பிடிமானம் என்று வைத்துக்கொள்வோம். பிடிமானம் இழுப்பைவிட அதிகமாக இருக்கும் வரை மலை நிற்கும். அந்தக் கணக்கு மறுபக்கம் சாய்ந்தால் மண்ணும் பாறையும் மொத்தமாகக் கீழே இறங்கும். அதுதான் மண்சரிவு.

உராய்வைப் பற்றி ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்: மேலே உள்ள எடை கீழே உள்ளதை எவ்வளவு அழுத்துகிறதோ, அவ்வளவுதான் உராய்வும். அழுத்தம் குறைந்தால் உராய்வும் குறையும். இது இன்னும் கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

நம் மலைகளின் அடியில் இருப்பது மிகப் பழைய, கடினமான பாறை. கோடிக்கணக்கான ஆண்டுகளாக மழையும் வெயிலும் பட்டு அதன் மேற்பகுதி இற்று மண்ணாகியிருக்கிறது. இருந்த இடத்திலேயே உருவான இந்த மண் ஒரு வகை. இன்னொரு வகையும் உண்டு: எப்போதோ மேலிருந்து சரிந்து வந்து, மலை மடிப்புகளிலும் அடிவாரத்திலும் கல்லும் மண்ணுமாகச் சேர்ந்து கிடப்பது. அதைச் சரிவுப் படிவு என்று சொல்லலாம். இது இறுகாத மண், எளிதில் நீரை உறிஞ்சும். அது அங்கே கிடக்கிறது என்றாலே அந்த இடத்தில் ஏற்கனவே ஒருமுறை மலை இறங்கியிருக்கிறது என்றுதான் பொருள்.

இதில் ஒரு கொடுமை என்னவென்றால், மனிதர் குடியிருக்கத் தேடுவதும் இப்படிப்பட்ட இடத்தைத்தான். செங்குத்தான மலையில் கொஞ்சம் சமமாக இருக்கும், பக்கத்தில் ஓடை இருக்கும், மண் ஆழமாக இருப்பதால் மரக்கறி நன்றாக வரும்.

## பிளேன்டீக் கோப்பை கற்றுத்தரும் பாடம்

மழை பெய்தால் மண் "கரைந்து" விடுகிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். சிலர் மண் நனைந்து பாரம் கூடிவிடுகிறது என்பார்கள். பாரம் கூடுவது உண்மைதான். ஆனால் முக்கியமான வேலை வேறு இடத்தில் நடக்கிறது.

தேநீர்க் கடையில் ஈர மேசை மேல் சூடான பிளேன்டீக் கோப்பையை வைத்தால் சில சமயம் அது தானாகவே வழுக்கிக்கொண்டு நகருவதைப் பார்த்திருப்பீர்கள். பேய் எதுவும் இல்லை. கோப்பையின் அடிப்பாகத்தில் சிறு குழிவு இருக்கிறது. அதில் அகப்பட்ட காற்று சூட்டில் விரிகிறது. விளிம்பைச் சுற்றியுள்ள ஈரம் அதை வெளியே விடுவதில்லை. உள்ளே அழுத்தம் ஏறி, கோப்பையை ஒரு மயிரிழை தூக்கிக்கொடுக்கிறது. கோப்பையின் எடை குறையவில்லை, மேசையின் சாய்வு கூடவில்லை. எடையில் ஒரு பங்கை அடியில் உள்ள அழுத்தம் தாங்கிக்கொண்டதால் கோப்பைக்கும் மேசைக்கும் இடையிலான உராய்வு குறைந்துவிட்டது. பிறகு, மேசையில் இருந்த கண்ணுக்குத் தெரியாத சாய்வே போதுமாகிவிட்டது.

மலையில் அந்தக் காற்றின் இடத்தில் இருப்பது தண்ணீர். மண்துகள்களுக்கு இடையில் நுண்ணிய இடைவெளிகள் இருக்கின்றன. சாதாரண நாளில் அவற்றில் பாதி காற்று, பாதி ஈரம். இந்த அளவு ஈரம் நல்லது, உலர் மண்ணைவிட ஈர மண்தான் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். மழை விடாமல் பெய்து இடைவெளிகள் முழுக்க நிரம்பி, வடிந்து போகும் வேகத்தைவிட வந்து சேரும் வேகம் கூடும்போது, அகப்பட்ட நீர் துகள்களைத் தள்ளத் தொடங்குகிறது. இதற்குத் துளைநீர் அழுத்தம் என்று பெயர். இந்த அழுத்தம் ஏற ஏற, மேலுள்ள மண்ணின் எடையில் ஒரு பங்கை நீரே தாங்கிக்கொள்கிறது. துகளைத் துகள் அழுத்துவது குறைகிறது. உராய்வும் கூடவே இறங்குகிறது. எந்த இடத்தில் இந்த அழுத்தம் அதிகமாகிறது? பெரும்பாலும் தளர்ந்த மண்ணும் கடினப் பாறையும் சந்திக்கும் இடத்தில். மேலிருந்து இறங்கிய நீர் பாறையைத் தாண்ட முடியாமல் அங்கேதான் தேங்குகிறது.

ஆகவே மேற்பரப்பில் புல் அசையாமல் இருக்கும்போதே அடியில் பல அடி ஆழத்தில் மலை தன் பிடியை விட்டிருக்கலாம்.

சுருக்கமாக: இழுப்பு எப்போதும் இருக்கிறது, பிடிமானம்தான் மாறுகிறது, அதை மாற்றுவது மண்ணுக்குள் ஏறும் நீரின் அழுத்தம். மழை கடைசியாக வந்து தட்டிவிடும் விசை. மலை அதற்குத் தயாராக இருந்ததா என்பதை வேறு பல விஷயங்கள் தீர்மானிக்கின்றன. அவற்றுக்கு வருவோம், அதற்கு முன் மழையை ஒருமுறை அளந்துவிடலாம்.

## 150 மில்லிமீட்டர் என்றால் எவ்வளவு?

வானொலியில் "150 மில்லிமீட்டர் மழை" என்று சொன்னால், ஒரு சாண் உயரம்கூட இல்லையே என்று தோன்றும். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு லீட்டர் தண்ணீர். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் பழைய காம்பரா (அறை) ஒன்று 12 அடிக்கு 10 அடி என்று வைத்துக்கொண்டால், அதன் கூரையில் மட்டும் 150 மி.மீ. மழையில் 1,600 லீட்டருக்கு மேல் விழுகிறது. ஓர் ஏக்கர் தேயிலை மலையில் 600 டன்னுக்கு மேல். வீட்டுக்கு மேலே பத்து ஏக்கர் மலை இருந்தால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். இதில் ஒரு பங்குதான் மண்ணுக்குள் இறங்கும், மீதி ஓடிவிடும். எவ்வளவு இறங்கும், எவ்வளவு ஓடும் என்பதில் கான்களுக்கு, அதாவது மழைநீர் வடியும் வாய்க்கால்களுக்கு, பெரும் பங்கு உண்டு.

இலங்கையில் மண்சரிவு எச்சரிக்கை விடுக்கும் பொறுப்பு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு உரியது. அவர்களின் பொதுவான அளவுகோல் இது: 24 மணி நேரத்தில் 75 மி.மீ. தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் அடுத்த கட்டம், 150 தாண்டினாலோ ஒரே மணி நேரத்தில் 75 கொட்டினாலோ வெளியேற வேண்டும். அறிவித்தல்கள் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறத்தில் வருகின்றன. மஞ்சள் கவனமாக இருக்க, செம்மஞ்சள் மூட்டை கட்டித் தயாராக, சிவப்பு கிளம்ப.

காலத்தையும் இடத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கேகாலை, இரத்தினபுரி போன்ற மேற்குப் பக்கத்து மலைகளுக்கு மே மாதம் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை ஆபத்தானது. கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் 2016 மே 17-ஆம் திகதி சாமசர மலை சரிந்து கிராமங்களையே மூடியது. பதுளைப் பக்கத்துக்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரை. ஒரு பக்கம் குடை பிடிக்கும்போது மறுபக்கம் வெயில் காயும் நாடு இது. கண்டிப் பக்கம் மழை குறைந்துவிட்டது என்ற செய்தி பதுளை மாவட்டத்து வெலிமடைக்காரருக்கு ஒன்றுக்கும் உதவாது.

இன்னொன்று. "மழை விட்டாச்சு, இனிப் பயமில்லை" என்பது உயிரைக் குடிக்கும் நம்பிக்கை. ஆழமான மண்ணில் நீர் மெதுவாகத்தான் இறங்கும். மேலே வெயில் வந்த பிறகும் அடியில் அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கலாம்.

## மரம் பிடித்துக்கொள்ளும் என்பது பாதி உண்மை

மரவேர் மேல்மண்ணை வலைபோலப் பின்னிப் பிடிக்கிறது. இலைகள் மழையின் அடியைத் தாங்குகின்றன. மரம் மண்ணிலிருந்து நீரை உறிஞ்சி வெளியேற்றுகிறது. எல்லாம் சரி. ஆனால் பெரும்பாலான வேர்கள் மேலே ஓரிரு மீட்டருக்குள் இருப்பவை. சரியும் தளம் பத்து மீட்டர் ஆழத்தில் இருந்தால், மலை மரத்தையும் தூக்கிக்கொண்டுதான் இறங்கும். அதனால்தான் நல்ல காடு மூடிய மலைகளும் சில சமயம் சரிகின்றன.

தேயிலைக்கும் இது பொருந்தும். விதையிலிருந்து வளர்ந்த பழைய தேயிலைக்கு ஆணிவேர் உண்டு, ஆழமாக இறங்கும். வெட்டுத்துண்டிலிருந்து வளர்த்த புதிய ரகங்களுக்கு உண்மையான ஆணிவேர் கிடையாது. விளைச்சல் கூடியது, மண்பிடிப்பு குறைந்தது. தேயிலையைப் பிடுங்கிவிட்டு மறுநடுகை செய்யும் மலைகளில் இடைக்காலத்தில் மானாப்புல்லோ குவாத்தமாலாப் புல்லோ வளர்ப்பது மண்ணைத் தேற்றத்தான். அதைச் செய்யாமல் மலையை வெறுமனே போட்டுவைத்தால் அடுத்த பெருமழை மேல்மண்ணை வாரிக்கொண்டு போகும்.

பைனஸ் என்ற ஊசியிலை மரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1970, 80-களில் வெறுமையான புல்மலைகளில் பைனஸ் நட்டார்கள். அது நீரைக் குடித்துவிடுகிறது என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. என்னைக் கேட்டால், பைனஸை வில்லனாக்குவதில் நாம் செலவழிக்கும் நேரத்தில் பாதியைக் கான் துப்புரவுக்குச் செலவழித்தால் பலன் கூடுதலாக இருக்கும்.

## மனிதர் கைவைத்த இடங்கள்

இன்றைய மலையகம் இயற்கையாக அமைந்த நிலம் கிடையாது. 1840-ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டம், உறுதி காட்ட முடியாத நிலங்களை ஆங்கில அரசிடம் சேர்த்தது. அரசு அவற்றைத் தோட்டத்துரைமாருக்கு விற்றது. காடு விழுந்தது, கோப்பி எழுந்தது. 1869-இல் கோப்பிக்கு இலைத்துரு நோய் வந்து, அடுத்த சில பத்தாண்டுகளில் அந்தத் தொழிலையே முடித்தது. அதற்கு முன்பே, 1867-இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டிருந்தார். கோப்பி போன இடத்திலெல்லாம் தேயிலை வந்தது. 1870-களில் 5,000 அடிக்கு மேலுள்ள காட்டை விற்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். சிவனொளிபாத மலைத் தொடரிலும் ஹோட்டன் சமவெளியிலும் இன்று காடு மிஞ்சியிருப்பதில் அந்த ஒரு முடிவுக்குப் பங்கு உண்டு.

அந்தக் காலத்தில் களை பிடுங்குவது என்றால் சொரண்டியால் மண்ணை வழித்து எடுப்பது. மலை பளிச்சென்று இருந்தால்தான் துரைக்குத் திருப்தி. ஒவ்வொரு மழையிலும் மேல்மண் ஆற்றுக்குப் போனது. இலங்கைக்கு மண்பாதுகாப்புச் சட்டம் 1951-இல்தான் வந்தது.

ஆனால் பழைய தோட்ட முறையில் ஒரு நல்ல விஷயமும் இருந்தது: கான். மலையின் குறுக்கே சின்னக் கான்கள், அவை சேர்ந்து இறங்கும் பெரிய கான்கள். கான் வெட்டவும் கான் மண் அள்ளவும் தனியாக ஆட்களைப் போட்டார்கள். மழைநீர் மண்ணுக்குள் இறங்குவதற்கு முன் அதைப் பக்குவமாக ஓடைக்கு அனுப்புவதுதான் அவற்றின் வேலை. ஆள் பற்றாக்குறை, செலவுக் குறைப்பு என்று பல தோட்டங்களில் இந்த வேலை சுருங்கிவிட்டது. மண் அடைத்த கானில் நீர் தேங்கும், தேங்கிய நீர் அப்படியே மலைக்குள் இறங்கும். அடைபட்ட கான் கான் இல்லாத மலையைவிட மோசமானது, ஏனென்றால் சுற்றிலும் விழும் நீரையெல்லாம் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து கொடுக்கிறது.

அடுத்தது, வெட்டு. வீடு கட்ட மலையைச் செங்குத்தாக வெட்டிச் சமப்படுத்துகிறோம். பின்சுவருக்கு மூன்றடி தள்ளி, பதினைந்து அடி உயரத்தில் சிவந்த மண் சுவர் நிற்கும். அதுவரை மேலுள்ள மண்ணைத் தாங்கிக்கொண்டிருந்த கால் அது, அதைத்தான் வெட்டி எடுத்துவிட்டோம். பெரிய மண்சரிவுகள் செய்தியில் வருகின்றன. ஒரு வீட்டின் பின்சுவரில் ஒரு லொறி மண் விழுந்து தூங்கியவர் இறப்பது செய்தியின் மூலையில் வரும், ஆனால் ஒவ்வொரு மழைக்காலத்திலும் நடக்கும். பாதை அகலப்படுத்துவதும் இதே வேலையைப் பெரிய அளவில் செய்கிறது.

பெரிய திட்டங்கள் வேறு மாதிரி. ஆற்றுநீரைத் திசைதிருப்பும் உமா ஓயாத் திட்டத்துக்காகப் பண்டாரவளைப் பக்கம் சுரங்கம் தோண்டும்போது, 2014 இறுதியில் நிலத்தடி நீர் சுரங்கத்துக்குள் பீறிட்டது. மேலே கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின, வீடுகளின் சுவர்களில் வெடிப்பு விழுந்தது. அங்கே மலைக்குள் நீர் ஏறியதால் வந்த தொல்லை இல்லை, போனதால் வந்த தொல்லை. மண்ணுக்குள் இருக்கும் நீர் எந்தப் பக்கம் மாறினாலும் மேலே குடியிருப்பவருக்குத்தான் அடி.

நீர்தான் சிக்கல் என்றால் நீரை எடுத்துவிட்டால்? வட்டவளையில் அதைத்தான் செய்தார்கள். ரயில்பாதையைப் பலமுறை நகர்த்திய ஒரு சரிவு அது. மலைக்குள் வடிகால் துளைகளைப் போட்டு நிலத்தடி நீரை இறக்கியதும் நகர்வு கட்டுக்குள் வந்தது. கொங்கிரீட் சுவர் கட்டுவதைவிடப் பார்வைக்குச் சாதாரணமான வேலை. திறப்புவிழாவில் நாடா வெட்ட அங்கே ஒன்றும் இருக்காது.

இந்தப் பகுதியில் சொன்னதை இப்படிச் சேர்த்துக்கொள்ளலாம்: காடழிப்பு, வெட்டு, அடைபட்ட கான், சுரங்கம் எல்லாம் வெவ்வேறு வழியில் ஒரே கணக்கைத்தான் மாற்றுகின்றன. மண்ணின் பிடிமானத்தைக் குறைக்கின்றன, அல்லது மண்ணுக்குள் இருக்கும் நீரைக் குழப்புகின்றன.

## மீரியபெத்தையில் யார் எங்கே இருந்தார்கள்?

இதுவரை சொன்னது மலை எப்படி இறங்குகிறது என்பது. ஆளில்லாத மலை இறங்கினால் அது வெறும் சரிவு. கீழே ஆட்கள் இருந்தால்தான் அனர்த்தம். ஆகவே அடுத்த கேள்வி: கீழே ஏன் ஆட்கள் இருந்தார்கள்?

2014 ஒக்டோபர் 29, காலை ஏழரை மணியளவில், பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள்மீது மலை வந்து விழுந்தது. பிள்ளைகளில் பலர் பாடசாலைக்குக் கிளம்பியிருந்ததால் தப்பினார்கள், திரும்பிவந்தபோது வீடு இருந்த இடம் சேறாக இருந்தது. பல உடல்கள் கடைசிவரை கிடைக்கவில்லை. 2005-இலும் 2011-இலும் அந்த இடம் ஆபத்தானது, மக்களை இடம்மாற்ற வேண்டும் என்று எச்சரிக்கப்பட்டிருந்தது பின்னர் பேசுபொருளானது. "சொல்லியும் போகவில்லை" என்ற குற்றச்சாட்டு பிறந்தது இங்கேதான்.

போவது என்றால் எங்கே போவது? லயம் தோட்டத்துக்குச் சொந்தம், நிலமும் தோட்டத்துக்குச் சொந்தம். குடும்பத்தில் ஒருவர் தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்வதால்தான் அந்தக் காம்பரா. 1948-இல் குடியுரிமையே பறிக்கப்பட்ட இந்திய வம்சாவளி மக்கள் இவர்கள், அந்தக் கணக்கு சட்டப்படி முழுதாகத் தீர 2003 ஆனது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசிடம் வந்தன, 1992-இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. தொழிலாளியின் பெயருக்கு ஒரு பேர்ச் (சுமார் 25 சதுர மீட்டர்) நிலமும் வரவில்லை. பிரதேச சபைகள் தோட்டத்துக்குள் பாதைக்கோ கானுக்கோ தங்கு தடையின்றிச் செலவழிக்கச் சட்டம் 2018-இல் திருத்தப்பட்ட பிறகே வழி பிறந்தது. அதுவரை லயத்துக்குப் பின்னால் கான் அடைத்தால் தோட்ட நிர்வாகம் மனம் வைத்தால்தான் உண்டு.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால், ஒரு தொழிலாளி எச்சரிக்கையைக் கேட்டும் போகாமல் இருந்தார் என்று சொல்வது எனக்குப் பிடிபடவில்லை. காணி இல்லாதவரிடம் "பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள்" என்பது பாதி வாக்கியம். மீரியபெத்தையில் மிஞ்சியவர்களுக்கே புதிய வீடுகள் கிடைக்க ஏறத்தாழ 2 ஆண்டுகள் ஆயின. அதுவரை பழைய தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடமே பலருக்கு வீடாக இருந்தது.

மொழியும் இதில் ஒரு பங்கு. எச்சரிக்கை தமிழில் தாமதமாக வருகிறது, அல்லது வருவதே இல்லை என்ற முறைப்பாடு மலையகத்தில் பலகாலமாக உண்டு. சிவப்பு அறிவித்தலில் ஒரு மணி நேரம் என்பது பெரிய விஷயம்.

## காடும் காட்டு உயிர்களும்

மண்சரிவு மலைக்குப் புதிதில்லை. அடர்ந்த பெருங்காட்டுக்குள் ஒரு சரிவு நடந்தால், அந்த வடுவில் முதலில் புல் வரும், பிறகு வெயில் விரும்பும் செடிகள், பல பத்தாண்டுகளில் மீண்டும் காடு. பக்கத்துக் காட்டிலிருந்து விதையும் விலங்கும் வந்து சேர்ந்துவிடும்.

பக்கத்தில் காடு இல்லை என்றால்தான் சிக்கல். இன்று மலைக்காடு பெரும்பாலும் துண்டு துண்டாகத் தேயிலைக்கு நடுவே கிடக்கிறது. நம் மலைகளில் உலகில் வேறெங்கும் இல்லாத தவளைகளும் ஓணான்களும் வாழ்கின்றன, சிலவற்றின் மொத்த உலகமே ஒரு மலைத்தொடர்தான். 1853-இல் விவரிக்கப்பட்டு, பிறகு ஒன்றரை நூற்றாண்டு கண்ணில் படாத ஒரு புதர்த் தவளையை 2009-இல் சிவனொளிபாத மலைக் காட்டில் மீண்டும் கண்டார்கள். இப்படிப்பட்ட உயிருக்கு ஒரு பள்ளத்தாக்கு சரிவதே பேரிழப்பாகலாம். நக்கிள்ஸ், ஹோட்டன் சமவெளி, சிவனொளிபாத மலைக் காடு மூன்றும் 2010-இல் உலக மரபுரிமை ஆனதற்கு இந்த உயிர்வளமே காரணம்.

சிறுத்தைகள் வேறு வகை. அவை தேயிலைக்கும் காட்டுத் துண்டுகளுக்கும் இடையில் ஓடையோரங்கள் வழியாகப் போய்வருகின்றன. தோட்டங்களில் பன்றிக்கு வைக்கும் கம்பிச் சுருக்கு அவற்றையும் பிடிக்கிறது. 2020 மே மாதத்தில் நல்லதண்ணியில் அரிதான கருஞ்சிறுத்தை ஒன்று அப்படி அகப்பட்டு, சிகிச்சைக்குக் கொண்டுபோன பின்னும் செத்தது. மண்சரிவுக்கு அப்புறம் அவசரமாகப் புதுக்குடியிருப்புக்கு இடம் தேடும்போது, கண்ணுக்கு ஆளில்லாததாகத் தெரிவது இந்த ஓடையோரங்களும் காட்டு ஓரங்களும்தான். ஓர் அனர்த்தத்தைத் தீர்க்கப்போய் அடுத்ததற்கு அத்திவாரம் போடும் இடம் இது.

## மலை முன்கூட்டியே காட்டும் அடையாளங்கள்

சரிவு வருவதற்கு முன் மலை பல சமயம் சிறு நகர்வுகளைக் காட்டும், எப்போதும் காட்டும் என்று சொல்ல முடியாது. வீட்டுக்கு மேலே நிலத்தில் புதிய வெடிப்பு. நேராக நின்ற மின்கம்பமோ மரமோ சாய்வது. நேற்றுவரை சரியாக மூடிய கதவு இன்று சட்டத்தில் உரசுவது. தெளிவாக வந்த ஊற்று கலங்கலாக வருவது, புது இடத்தில் ஊற்று கிளம்புவது. ஓடை அடைமழையில் திடீரென்று குறைந்தால், மேலே எங்கோ மண் விழுந்து நீரை மறித்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது யோசித்துக்கொண்டிருக்காமல் பக்கவாட்டில் விலகி ஓட வேண்டும், ஓடையோடு கீழ்நோக்கி ஓடக்கூடாது.

வெடிப்பு பழையதா, வளர்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சுவரில் என்றால், வெடிப்பின் குறுக்கே விரல் அகலத்துக்குக் கொஞ்சம் சீமெந்து பூசி, பக்கத்தில் திகதி எழுதுங்கள். சீமெந்து பிளந்தால் நகர்வு நடக்கிறது. நிலத்தில் என்றால் இரு பக்கமும் ஒவ்வொரு முளை அடித்து, நடுவிலுள்ள தூரத்தை டேப்பால் அளந்து குறித்து வையுங்கள். ஒரு சென்றிமீட்டர் கூடினாலும் கிராம சேவகரிடம் சொல்ல வேண்டிய செய்தி அது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

மழையை அளப்பதும் வீட்டிலேயே முடியும். நேரான பக்கங்கள் உள்ள பிளாஸ்டிக் போத்தலின் கழுத்தை வெட்டி, தலைகீழாக அதிலேயே புனல்போலச் செருகுங்கள். அடிப்பகுதி மேடுபள்ளமாக இருக்கும் என்பதால், நேர்ப்பகுதி தொடங்கும் மட்டம் வரை தண்ணீர் ஊற்றி அங்கே பூச்சியம் என்று கோடு போடுங்கள். அதற்கு மேல் அடிமட்டத்தால் மில்லிமீட்டர் குறிக்கலாம். மரத்தடியில், கூரையோரத்தில் வைக்காமல் வெளியில் வையுங்கள். தினமும் ஒரே நேரத்தில் பார்த்துவிட்டு நீர்மட்டத்தைப் பூச்சியக் கோட்டுக்கு இறக்குங்கள். பக்கத்து நகரத்து மழைமானி காட்டுவதைவிட உங்கள் மலையில் என்ன பெய்தது என்பதுதான் உங்களுக்கு முக்கியம்.

சரிவு நடந்து முடிந்த இடம் பாதுகாப்பானது என்று நினைத்துச் சாமான் எடுக்கத் திரும்பிப் போகாதீர்கள். மேலே தாங்கலின்றித் தொங்கும் மண் அடுத்த மழையில், சில சமயம் அடுத்த மணி நேரத்தில், வந்துவிடும்.

கடைசியாக, மாற்று வீட்டுக்கு ஏழு பேர்ச்சோ பத்து பேர்ச்சோ நிலம் காட்டினால், அந்த இடத்துக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரை இருக்கிறதா என்று பிரதேச செயலகத்தில் கேளுங்கள். மலைப்பகுதியில் கட்டடம் கட்ட அந்தப் பரிந்துரை தேவை. அறிக்கையில் கான் எங்கே போக வேண்டும், மலையை எவ்வளவு உயரத்துக்கு மேல் வெட்டக்கூடாது என்று நிபந்தனைகள் இருந்தால் அவற்றையும் வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள், தமிழில். ஒரு பிரதியை வாங்கிக் காணி உறுதியோடு சேர்த்து வையுங்கள். உறுதி இன்னும் தரவில்லை என்றால், எப்போது தருவார்கள் என்பதையும் அதே மேசையில் கேட்டுவிட்டு வாருங்கள்.